பரிசாக ஒரு மூலைமட்டம்

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பொறியாளராக வேண்டும் என்று விரும்பும் பிள்ளைகள் இன்று ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் தேர்வில் சிறந்து விளங்கினால் நாம் பொன்னாடை போர்த்துகிறோம், கோப்பை வழங்குகிறோம். பொன்னாடை பெட்டிக்குள் போகிறது. கோப்பை அலமாரியில் ஏறுகிறது. அதே பணத்துக்கு ஒரு நல்ல கருவி வாங்கித் தந்தால் அது முப்பது ஆண்டுகள் கூட உழைக்கும். ஊராட்சி நிதியை இதற்கு நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் பரிசளிக்கும் நன்கொடையாளர்களுக்கும் பெற்றோருக்குமே சொல்லுகிறேன்.

கடையில் நாற்பது உருப்படிகள் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி கண்ணைப் பறிக்கும். அதை வாங்காதீர்கள். மட்டமான இரும்பில் செய்த ஸ்பானரின் வாய், அழுத்தித் திருகியதும் விரிந்துவிடும். நட்டின் முனைகளும் மழுங்கிவிடும். பழுது கருவியில் இருக்க, தன் கைதான் சரியில்லை என்று பிள்ளை எண்ணிச் சோர்ந்துபோகும். இந்தச் சோர்வுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். நாற்பதுக்குப் பதில் நான்கு ஸ்பானர்கள் போதும். அவை குரோம் வனேடியம் எஃகில் செய்தவையாகவும், ஒரு முனையில் திறந்த வாயும் மறுமுனையில் வளையமும் உள்ளவையாகவும் இருக்கட்டும். வளையம் நட்டைச் சுற்றிலும் பற்றுவதால் எளிதில் நழுவாது.

ஆயினும் முதலில் வாங்கத்தக்கவை அளவைக் கருவிகளே. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி, 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது என்பதை இங்கே நினைவூட்டலாம். எஃகு அளவுகோல், மூலைமட்டம், வெர்னியர் காலிப்பர் ஆகிய மூன்றும் போதும். நல்ல காலிப்பர் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். கடையிலேயே அதன் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளிக்கீற்றுத் தெரியலாகாது. இரு சுழிக் கோடுகளும் ஒன்றாக நிற்க வேண்டும்.

மூலைமட்டத்தைச் சோதிக்க நேரான விளிம்புள்ள பலகை ஒன்று வேண்டும். கட்டையை விளிம்போடு பொருத்தி ஒரு கோடு இழுங்கள். பிறகு கருவியைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் வாங்கலாம். விலகினால், அந்த விலகலில் பாதி கருவியின் பிழை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டாம்.

மகனுக்குத் திருப்புளி, மகளுக்குக் குத்துவிளக்கு என்று பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆர்வமுள்ள பெண்ணுக்கும் இவற்றையே கொடுங்கள்.

மின்சாரம் சோதிக்கும் கருவிகளை மட்டும் சில ஆண்டுகள் தள்ளிவையுங்கள். பம்பு செட்டுக்கு வரும் மும்முனை மின்சாரம் ஏறத்தாழ 400 வோல்ட், உயிரைப் பறிக்கவல்லது. டெஸ்டர் கையிலிருந்தால், தனியே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை எழும்.

கருவியோடு ஒரு சிறு புட்டி மெஷின் எண்ணெயும் பழந்துணியும் சேர்த்துக் கொடுங்கள். கடலோர ஊர்களில் அடிக்கடி துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் எஃகு துருப்பிடிக்கும். காலிப்பரைத் தனி உறையில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்பானர்களோடு ஒரே பையில் போட்டால் அதன் தாடைகள் அடிபட்டு அளவு தவறிவிடும்.