நேர் வகுப்பும் திரை வகுப்பும்



திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வந்தவர்கள் நம்முள் உண்டு. அலுவலகங்களில் கணக்கெழுதவும், சுருக்கெழுத்து, தட்டெழுத்துப் பணிகளைப் பார்க்கவும் மாதுங்காவுக்கு வந்தவர்கள் உண்டு. பின்னாளிற் செம்பூரிற் குடியேறியவர்களும் உண்டு. தொழிலாலும் வருவாயாலும் வேறுபட்ட இவர்கள் எல்லார்க்கும் ஒரு விருப்பம் மட்டும் பொதுவாக இருந்தது. தம் பிள்ளைகள் தம்மினும் மேலாகக் கற்க வேண்டும் என்பதே அது. 1932ஆம் ஆண்டில் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும், அச்சங்கமே 1960ஆம் ஆண்டில் சயானில் ஒரு கல்லூரியை நிறுவியதும் அவ்விருப்பத்தின் பயன்களே. மாதுங்காவில் ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937ஆம் ஆண்டிலும், பொத்தார் வணிகக் கல்லூரி 1941ஆம் ஆண்டிலும் எழுந்தன. ஆகவே கல்லூரி வாயில் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது.

அவ்வாயிலைக் கடந்து சென்ற பிள்ளைகள் உள்ளே எவ்வாறு கற்கிறார்கள் என்பதைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கப் புகுகின்றோம். இவ்வினா இக்காலத்தில் இரட்டிப்பாகியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது கல்லூரிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசித் திரைக்கு வந்தன. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மகாராட்டிரக் கல்லூரிகள் நேர் வகுப்புகளை மீண்டும் தொடங்கின. ஆயினும் திரை வகுப்பு மறைந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ‘சுவயம்’ என்னும் இணையக் கல்வித் தளத்தின் வாயிலாக, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரையிற் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டில் விதி வகுத்தது. ஆதலின் இன்றைய மாணவர் இருவகை வகுப்பிலும் தேர்ச்சி பெற வேண்டியவராகின்றார்.

இருவகைக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. வகுப்பிற் கேட்பது கல்வியின் தொடக்கம் மாத்திரமே; கேட்டதற்கு மாணவர் மறுமொழி கூறும்போதுதான் அது நிலைபெறுகிறது. இதனை மெய்ப்பித்த சோதனை ஒன்று நம் நாட்டு வானொலியைக் கொண்டே நிகழ்ந்தது.

1956ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் துணையுடன், அகில இந்திய வானொலி புனே வட்டாரத்துச் சிற்றூர்களில் ‘வானொலி உழவர் மன்றம்’ என்னும் திட்டத்தை நடத்தியது. 150 ஊர்களில் ஊருக்கு 20 பேர் அளவில் உழவர்கள் ஒன்றுகூடி வானொலி உரையைக் கேட்டனர். கேட்டு முடித்ததும் அதைப் பற்றித் தம்முள் விவாதித்தனர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதி விடையும் பெற்றனர். கேளுங்கள், விவாதியுங்கள், செயற்படுங்கள் என்பது அம்மன்றங்களின் கொள்கை. அதன் பயனை ஆராயும் பொறுப்பை ஏற்றது டாடா சமூக அறிவியல் கழகம். இன்று செம்பூரை அடுத்த தேவனாரில் இயங்கி வருவது அந்நிறுவனமே. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களைக் காட்டிலும், மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு மிகுதியாக வளர்ந்திருந்தது என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. ஒரே குரல்தான் இருவகை ஊர்களுக்கும் சென்றது. கேட்டவர் கூடிப் பேசியதும் வினவியதும் வேற்றுமையை விளைத்தன.

எழுத்தறியாத உழவர் பலர்க்கு உதவிய அம்முறை கல்லூரி மாணவர்க்கு உதவாதோ? இனி, நேர் வகுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம்.

மும்பைப் பல்கலைக்கழக விதிப்படி வகுப்புகளில் 75 விழுக்காடு வருகை வேண்டும். பருவத்தின் இறுதியில் வருகை குறைந்தவர் பெயர்ப்பட்டியல் ஒட்டப்படும்போது, பகுதி நேர வேலைக்குச் சென்று குடும்பத்துக்கு உதவிய பிள்ளைகளின் பெயர்களும் அதில் இடம் பெறக்கூடும். தேர்வெழுத இயலாமற் போனால் இழப்பது ஓர் ஆண்டு; அவ்வாண்டின் கட்டணமும் போம். ஆதலின் மாதந்தோறும் தம் வருகையைத் தாமே கணக்கிட்டு எழுதி வைப்பது மாணவர் கடமை. நோய், மழை, குடும்பத் துயர் ஆகியவற்றால் வர இயலாதபோது, சான்றுடன் அவ்வாரத்திலேயே ஆசிரியருக்குத் தெரிவித்தல் நலம். பருவ முடிவிற் கொடுக்கும் விளக்கத்துக்கு மதிப்புக் குறைவு.

அடுத்து, வகுப்புக்கு முன்னதாகப் பாடத்தின் தலைப்புகளையேனும் பத்து நிமிடம் பார்த்து வருதல் வேண்டும். குர்லாவில் வண்டி மாறிக் காலினாவுக்குச் செல்லும் பிள்ளைக்கு இரயில் நெரிசலிற் புத்தகம் விரிக்க இடமிராது. முந்தின இரவே அதற்கு ஏற்றது. வகுப்பில் முன் வரிசைகளில் அமர்வதும், கைப்பேசியைப் பையினுள் வைத்துவிடுவதும் சிறிய செயல்களே. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் ஒரு கோடிட்டு, விளங்காத இடங்களை அங்கே வினாவாக எழுதுதல் இன்னும் பயன் தரும். ஆசிரியர் சொன்ன எல்லாவற்றையும் எழுதி, விளங்காததைக் குறிக்காமல் விட்ட ஏட்டினாற் பெரும்பயன் இல்லை.

ஈண்டு நம் பிள்ளைகளுக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிற் பயின்று வெளிவரும் பிள்ளைகள், கல்லூரியில் ஆங்கிலத்திற் பாடம் கேட்கின்றார்கள், நண்பர்களோடு மராத்தியிலும் இந்தியிலும் பேசுகின்றார்கள், நினைப்பதோ தமிழில். வினா மனத்தில் எழுந்தாலும், அதனைப் பிழையின்றி ஆங்கிலத்தில் அமைப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுகிறார். பிறர் நகைப்பார்களோ என்ற கூச்சமும் வாயை அடைக்கிறது. இதற்கு வழி, வினாவை இடப்புறக் கோட்டருகே ஒரு வரியில் எழுதிக்கொள்வதே. எழுதிய வினாவை வகுப்பிற் படித்துக் கேட்கலாம். இயலாவிடின் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரை அணுகிக் கேட்கலாம். வாரத்துக்கு ஒரு வினா என்று தொடங்கினால், ஒரு பருவத்துக்குள் கூச்சம் பெரும்பாலும் அகன்றுவிடும். பாடத்தின் புதிய சொற்களுக்குத் தனி ஏடு ஒன்று வைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழிற் பொருள் எழுதி வைப்பதும் நன்று.

இனித் திரை வகுப்பைக் கருதுவோம். நேர் வகுப்பில் இருக்கையும் ஆசிரியர் பார்வையும் நம்மைக் கட்டி நிறுத்துகின்றன. திரை வகுப்பில் அக்கட்டு இல்லை. பெயர் திரையில் இருக்க, ஆள் வேறோர் இடத்தில் இருத்தல் கூடும். ஒலிவாங்கியையும் படக்கருவியையும் அணைத்துவிட்டு, அதே கைப்பேசியில் வேறொன்றைப் பார்த்திருத்தலும் கூடும். ஆதலின் மாணவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். வகுப்புத் தொடங்கும் முன்னர் மற்றச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்திவிடுக. தாளும் எழுதுகோலும் கையில் இருக்கட்டும். வகுப்புக்கு ஒருமுறையேனும் எழுத்து மூலமாகவோ குரல் மூலமாகவோ ஒரு விடையோ வினாவோ அனுப்புக. உழவர் மன்றத்துக்கு அஞ்சல் அட்டை எதுவோ, திரை வகுப்புக்கு அதுவே இது.

பதிவு செய்யப்பட்ட பாடங்களில் வேறொரு மயக்கம் உண்டு. ‘எப்பொழுதும் இருக்கிறதே, பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்’ என்ற எண்ணமே அது. சுவயம் தளத்தில், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் நடத்தும் ‘என்பிடெல்’ பாடங்களில், வாரந்தோறும் விடையளிக்க வேண்டிய பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும், நேரில் எழுதும் இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பு உண்டு. பாடத்திற் சேரக் கட்டணமில்லை. தேர்வுக்கு மட்டுமே உண்டு. வாரப் பயிற்சியின் நாள் கடந்துவிட்டால் அதன் மதிப்பெண் திரும்ப வாராது. ஆகவே பதிவுப் பாடத்துக்கும் நாளும் நேரமும் குறித்துவைத்து, நேர் வகுப்புப் போலவே அமர வேண்டும்.

நம் நகரத்துப் பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான பேச்சுவழிப் பயிற்சித் திட்டம் இதற்கு நல்ல முறை ஒன்றைக் காட்டுகிறது. கணிப்பொறி மென்பொருள்களைக் கற்பிக்கும் அப்பாடங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடுவன. தமிழிலும் அவை கிடைக்கின்றன. திரையின் ஒரு பாதியிற் பாடம் ஓட, மறு பாதியில் மாணவர் அதனை உடனுக்குடன் செய்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. பிற பாடங்களுக்கும் இதனைக் கைக்கொள்ளலாம். பத்து நிமிடம் கேட்டுப் பாடத்தை நிறுத்தி, ஒரு கணக்கைச் செய்து, பிறகு மேலே செல்லலாம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து பார்ப்பதனினும் இது பயன் மிகுந்தது.

மின்சாரமும் அலைத்தொடர்பும் எந்நாளும் நம் சொற்படி நடப்பன அல்ல. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் மின்தொகுப்புப் பழுதால் மும்பை நகரமே மின்சாரமின்றி நின்றது; இரயில்களும் நின்றன. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். கைப்பேசியை இரவிலேயே மின்னேற்றி வைத்தல், பாடங்களைக் குறைந்த தரத்தில் முன்னரே இறக்கி வைத்தல், தொடர்பு அறுந்தால் குறிப்பைப் பகிர்ந்துகொள்ள நண்பர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளல் ஆகிய மூன்றும் இந்நகரத்து மாணவர்க்கு இன்றியமையாதவை.

எவ்வகை வகுப்பாயினும், முடிந்த பின்னர் ஒன்று செய்தாக வேண்டும். அமெரிக்காவிற் செயின்ட் லூயி நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலார் இருவர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு சாரார் அதனை ஒரு வேளை படித்து, மும்முறை பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முன்னவர்க்கு 40 விழுக்காடும் பின்னவர்க்கு 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோதோ, பலமுறை படித்தவரே முந்தியிருந்தனர்! தேர்வுக்கு முந்தின இரவு படிப்பவர் தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணி ஏமாறுவதன் காரணம் இதிற் புலனாகும். வகுப்பு முடிந்த அன்றே, ஏட்டை மூடிவைத்து, கேட்டவற்றைப் பாராமல் ஐந்து வரி எழுதுக. எழுத வாராத பகுதியைத் திறந்து பார்க்குக.

இதுவரை மாணவரிடம் பேசினோம். இனி வீட்டாரிடம் சில சொல்ல வேண்டும். தாராவியில் ஓர் அறையே வீடாக வாழும் குடும்பங்கள் பல. அந்த ஓரறையிற் சமையலும் தையலும் தொலைக்காட்சியும் உறக்கமும் நிகழ, ஒரு மூலையில் பிள்ளை கைப்பேசி முன் அமர்ந்திருக்கும். இடத்தை நம்மாற் பெருக்க இயலாது. நேரத்தை ஒதுக்க இயலும். நாளுக்கு ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவைப்போம். ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்று சொல்லி, வகுப்பின் நடுவே தண்ணீர் பிடிக்கவும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் மகளை எழுப்பும் வழக்கத்தைக் கைவிடுவோம். மகன் கல்லூரிக்குச் சென்றிருக்கும் நேரத்தில் அவனை நாம் அழைப்பதில்லை. திரை வகுப்பில் இருக்கும் மகளும் கல்லூரிக்குச் சென்றிருப்பவளே. வீட்டில் அமைதி கிட்டாவிடின், மராத்தியில் அப்யாசிகா என வழங்கும் படிப்பகங்கள் இந்நகரிற் பல உள்ளன. ஒரே பாடம் பயிலும் நால்வர் அங்கோ, அக்கம்பக்கத்து வீடொன்றிலோ வாரம் ஒருநாள் கூடிப் பேசினால், அதுவே அவர்களுடைய மன்றமாகும்.

பிள்ளையின் பாடம் தமக்குப் புரியாதே, தாம் எவ்வாறு உதவுவது என்று பெற்றோர் பலர் வருந்துகின்றனர். புரிய வேண்டுவதில்லை. இரவு உணவின்போது, ‘இன்று வகுப்பில் என்ன கேட்டாய்? எனக்குச் சொல்லு’ என்று தாயோ தந்தையோ கேட்டாற் போதும். பிள்ளை பாராமல் நினைவுகூர்ந்து, தெளிந்த தமிழில் விளக்க முயலும். விளக்க இயலாத இடத்திற் சற்றே தடுமாறி நிற்கும். மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய வினா அவ்விடத்திற் கிடைத்துவிடும். எழுத்தறியாத அன்னையும் தன் மகளுக்கு இவ்வுதவியைச் செய்யலாம். இன்றிரவே அதனைத் தொடங்குவோமாக.