லேபிள் இல்லாத மூட்டை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிலாந்தில் மான்சாண்டோ என்ற அமெரிக்க விதைக் கம்பெனிக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். “மில்லிலும் யார்டிலும் வேலை பார்க்கிற நமக்கு வெள்ளைக்காரன் வயலைப் பற்றி என்ன பேச்சு?” என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 1998ஆம் ஆண்டு இதே கம்பெனி, நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மராட்டிய மண்ணில், ஜால்னாவிலுள்ள மஹிகோ விதைக் கம்பெனியில் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. 2002இல் அவர்களுடைய பி.டி. பருத்திக்கு டில்லி அனுமதி கொடுத்தது. அதே 1998இல் இங்கிலாந்திலும் அது ஒன்றை வாங்கியது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் டிரம்பிங்டன் என்று ஓர் ஊர். 1912இல் தொடங்கிய பயிர்ப் பெருக்க நிலையம் 1955இல் அங்கே குடிபோயிற்று. மக்கள் வரிப்பணத்தில் நடந்த நிலையம். கோதுமை, பார்லி, உருளைக்கிழங்கு என்று ரகம் ரகமாக உண்டாக்கிக் கொடுத்தது. ‘மாரிஸ் பைப்பர்’ என்ற உருளைக்கிழங்கு 1966இல் வந்தது. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் மீனோடு தின்கிற வறுவலுக்குப் பேர்போன கிழங்கு. நிலையம் இருந்த பக்கத்துத் தெரு மாரிஸ் லேன். அதனால் அந்தப் பெயர். பிரிட்டனில் விளைந்த கோதுமையில் பெரும்பகுதி இந்த நிலையத்து ரகமாகவே இருந்த காலமும் உண்டு. விதை விற்றால் ராயல்டி அரசாங்கத்துக்கு. ஆகவே நஷ்டக் கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

லாபம் வருகிற பொதுச் சொத்தை விட்டுவைப்பார்களா? 1987இல் தாட்சர் அம்மையாரின் அரசு அதை யூனிலீவருக்கு விற்றது. நம் வீட்டுச் சோப்பு முதலாளிதான்! விலை, ஏழு கோடி பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. உடனே காசாகாத அடிப்படை ஆராய்ச்சி மட்டும் பொதுச் செலவிலேயே நின்றது. பிறகு நார்விச்சுக்குப் போயிற்று. பதினோரு ஆண்டு கழித்து, 1998இல், யூனிலீவர் அந்த நிலையத்தை மான்சாண்டோவுக்கு விற்றது. விலை சுமார் 32 கோடி பவுண்டு! நான் ரயில்வே குமாஸ்தா. கழித்தல் கணக்கு எனக்கு வரும். இடையில் யூனிலீவரும் பணம் போட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் எழுபத்தைந்து ஆண்டு அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

இனி மரபணு மாற்றத்துக்கு வருகிறேன். மான்சாண்டோ ‘ரவுண்டப்’ என்ற களைக்கொல்லி மருந்து விற்றது. தெளித்தால் களையும் சாகும், பயிரும் சாகும். ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துச் சோயாச் செடிக்குள் புகுத்தினார்கள். இப்போது மருந்தடித்தால் களை மட்டும் சாகும். விதையும் அவனுடையது, மருந்தும் அவனுடையது. விளைந்ததில் அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்கக் கூடாது என்று விவசாயியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்வான்.

இதைத் தின்றால் விஷம் என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அதற்கு நிரூபணம் கிடையாது. நிரூபணமில்லாததைச் சொன்னால் நம் பேச்சை நாளைக்கு யார் மதிப்பார்கள்? பிரிட்டிஷ் மக்களே முதலில் அப்படி மிரண்டுவிடவில்லை. 1996 பிப்ரவரியில் ஜெனீகா என்ற கம்பெனியின் மரபணு மாற்றிய தக்காளி விழுது கடைக்கு வந்தது. டின்மேல் விஷயத்தைப் பளிச்சென்று அச்சடித்திருந்தார்கள். சாதா டின் விலைக்கே கூடுதல் விழுது. ஜனங்கள் வாங்கினார்கள், நன்றாகவே வாங்கினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1990இல் மாடுகளுக்குப் பைத்தியம் பிடிக்கிற நோய் பரவியபோது, விவசாய மந்திரி ஜான் கம்மர் காமிராவுக்கு முன்னால் தன் சின்ன மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டி, பயமில்லை என்று காட்டினார். 1996 மார்ச்சில் அதே கட்சியின் அரசு, அந்த நோய் மனிதனுக்கும் வந்திருக்கலாம் என்று பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுக் கடைசியில்தான் அமெரிக்கச் சோயா கப்பலில் வந்து இறங்கியது. மாற்றியதும் மாற்றாததும் ஒரே குவியலாக! ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் சோயா உண்டு. பிரித்துக் கொடு என்றால், முடியாது என்றார்கள். லேபிள் இல்லாத மூட்டையை நம் பார்சல் ஆபீசில் எடுப்போமா?

1998இல் மான்சாண்டோ பத்து லட்சம் பவுண்டு செலவில் பத்திரிகை விளம்பரம் போட்டது. அதில் சில வாசகங்கள் தவறான எண்ணம் தருபவை என்று அந்த நாட்டு விளம்பரத் தர அமைப்பே 1999இல் தீர்ப்பளித்தது. 1999க்குள் பெரிய கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தச் சரக்கிலிருந்து இதை விலக்கினார்கள். நல்ல தக்காளி டின்னும் சேர்ந்து போயிற்று. அந்த டிசம்பரில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஹை விக்கம் என்ற ஊரில் மான்சாண்டோவின் சொந்த அலுவலகம். அதன் கேண்டீனை நடத்திய கான்டிராக்டர், மரபணு மாற்றிய சோயாவையும் மக்காச்சோளத்தையும் முடிந்தவரை நீக்கிவிட்டோம் என்று நோட்டீஸ் போட்டிருந்தார். மான்சாண்டோவின் சாப்பாட்டுக் கூடத்திலேயே!

அரசாங்கம் மூன்று ஆண்டுக்கு மேல் வயல் சோதனை நடத்தி 2003 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. மாற்றிய பீட்ரூட் வகை, கடுகு வகை வயல்களில் களையும் களைவிதையும் குறைந்தன, பூச்சி பறவைகளுக்கு இரை குறைந்தது. மக்காச்சோளத்தில் மட்டும் மாறாகக் கூடுதலாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே மாதத்தில், ஐரோப்பாவில் கோதுமை விதைத் தொழிலை விடுவதாக மான்சாண்டோ அறிவித்தது. இன்றுவரை பிரிட்டனில் மரபணு மாற்றப் பயிர் வியாபாரத்துக்காக விளைவதில்லை.

வெற்றி என்று கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மாற்றிய சோயா இன்றும் கப்பலில் வருகிறது, கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாக. அந்தக் கறியின் மேலும் பாலின் மேலும் லேபிள் ஒட்டவேண்டியதில்லை. மான்சாண்டோவே 2018இல் பேயர் கம்பெனிக்குள் கலந்து, பெயரும் மறைந்துவிட்டது. டிரம்பிங்டன் நிலையம் என்ன ஆயிற்று? 2004இல் ஆர்.ஏ.ஜி.டி. என்ற பிரெஞ்சு விதைக் கம்பெனி கோதுமை ரகங்களை வாங்கிக்கொண்டது. கடையில் சாமானைத் தொடமாட்டேன் என்று சொல்லி ஒரு பெரிய கம்பெனியைப் பின்வாங்க வைத்த ஜனங்களால், 1987இல் விற்ற விதை வீட்டைத் திரும்ப வாங்க முடியவில்லை. சோதனை வயல்கள் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் கட்டிக் குடியிருக்கிறார்கள்.

இரவு ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் எழுந்திருக்கிறார்கள். கேள்வி உள்ளவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.