அலுமினியப் படகு: விரிசல் எங்க முடியுது?

இன்னைக்கு கோடிங் இல்ல, ஏஐ இல்ல. 14 அடி அலுமினியப் படகு ஒண்ணு, அதோட அடியில ரெண்டு அங்குல விரிசல். அவ்வளவுதான் எபிசோட்.

நான் இருக்கறது மின்னியாபொலிஸ். மினசோட்டா மாநிலத்துல கார் நம்பர் பிளேட்லயே '10,000 ஏரிகள்'னு போட்டிருக்கும். இங்க சின்னப் படகு வச்சிருக்கறது பணக்கார விஷயம் இல்ல, நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு பழைய ஸ்பிளெண்டர் நிக்கிற மாதிரிதான். என்கூட வேலை பார்க்கற நண்பர் பழைய படகு ஒண்ணு வாங்கினார். மே மாசம் மீன்பிடி சீசன் ஆரம்பிச்சதும் ஆறு வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. ஆனா அப்போ ஏரியில ஐஸ் உருகி சில வாரம்தான் ஆகியிருக்கும். விழுந்தா நீச்சல் தெரியுமாங்கறதெல்லாம் அப்புறம். சில நிமிஷத்துலயே கை கால் மரத்துப் போயிடும். அதனால "பரவால்ல, ஓரளவுக்கு அடைச்சிருக்கு"ங்கற பேச்சுக்கே இடமில்ல.

கசிவைக் கண்டுபிடிக்க படகைத் தண்ணில இறக்க வேண்டாம், தண்ணியைப் படகுக்குள்ள ஊத்தணும். டிரெய்லர்ல வச்சே செய்யலாம். ஆனா நிரப்பிடாதீங்க. இந்த சைஸ் படகுல 5 சென்டிமீட்டர் ஊத்தினாலே கிட்டத்தட்ட 200 லிட்டர், அதாவது 200 கிலோ. வெளிப்பக்கத்தைத் துடைச்சு காயவச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, சொட்டற இடத்துல எல்லாம் மார்க்கர்ல வட்டம் போட்டோம். பதினோரு வட்டம். பத்து ரிவெட், ஒரு விரிசல்.

ரிவெட் கதை சுருக்கமானது. இந்தப் படகுகள் விமானம் மாதிரியே தகடுகளை ரிவெட் அடிச்சு சேர்த்தது. சொல்லப்போனா, இரண்டாம் உலகப்போர்ல போர் விமானம் கட்டின க்ரம்மன் கம்பெனிதான் போர் முடியற சமயத்துல அலுமினியக் கனூ செய்ய இறங்குச்சு. தளர்ந்த ரிவெட்டை ஒரு பக்கம் கனமான இரும்புத் துண்டால அழுத்திப் பிடிச்சு, மறுபக்கம் சுத்தியலால தட்டினா இறுகிடும். ரொம்பத் தேஞ்சதை மாத்தணும். கடையில கிடைக்கிற சாதாரண பாப் ரிவெட் வேண்டாம். அதுக்கு நடுவுல ஓட்டை, அது வழியாவே தண்ணி வரும். முனை மூடின வகை கேட்டு வாங்கணும்.

விரிசல்தான் விஷயம். பழைய ஓனர் யாரோ அது மேல சிலிகான் அப்பி வச்சிருந்தாங்க. அதைச் சுரண்டி எடுத்தா, விரிசல் சிலிகானைத் தாண்டி நிம்மதியா வளர்ந்துட்டிருக்கு. ஷாம்பு பாக்கெட் ஓரத்துல சின்ன வெட்டு இருக்கும்ல? அது இல்லாத இடத்துல இழுத்தா கிழியாது, இருக்கற இடத்துல தொட்டாலே கிழியும். கூர்மையான முனையில விசை முழுக்கக் குவியுது. மேல என்ன பூசினாலும் அந்த முனை அப்படியே இருக்கு.

அதனால முதல்ல முனையை மழுங்கடிக்கணும். சிவப்புச் சாயம் அடிச்சுத் துடைச்சு, மேல வெள்ளை டெவலப்பர் அடிச்சா விரிசல் சிவப்புக் கோடா தெரியும். கண்ணுக்குத் தெரிஞ்சதை விட நீளமாவே இருந்துச்சு. ரெண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் டிரில். ஆமா, ஓட்டையை அடைக்க இன்னும் ரெண்டு ஓட்டை போட்டோம். அதுக்கு மேல மூலை வட்டமா வெட்டின தகடு, நடுவுல மரைன் சீலன்ட், சுத்தி ரிவெட். தகடு படகுல இருக்கற மாதிரியே 5052 அலுமினியம். இரும்பு, பித்தளை ஸ்க்ரூ போட்டா ஈரத்துல அது பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தைத் தின்னுடும்.

"வெல்டிங் பண்ணலாமே ப்ரோ?" ஒரு பட்டறையில கேட்டோம், அவர் மாட்டேன்னுட்டார். எனக்கு அது நேர்மையான பதிலாத்தான் பட்டுச்சு. அலுமினியம் 660 டிகிரில உருகும், அதோட மேல்தோலா இருக்கற ஆக்சைடு உருக 2000-க்கு மேல வேணும். தகடோ மெல்லிசு. சூட்டுல பக்கத்துத் தகடு இளகிப் பலம் குறையும். சீட்டுக்கு அடியில ஃபோம் வேற, தீப்பிடிச்சா விஷப்புகை.

எல்லாம் முடிஞ்சு நண்பர் கிளம்பத் தயாரா இருந்தார். எனக்கு ஒரு கேள்வி மட்டும் உறுத்திச்சு: ஏன் அந்த இடத்துல மட்டும் விரிசல்? டிரெய்லருக்கு அடியில படுத்துப் பார்த்தேன். படகைத் தாங்கற கட்டைகள் குட்டை, பின்பக்கம் ஒரு அடிக்கு மேல அந்தரத்துல தொங்குது. மோட்டார் எடை மொத்தமும் அங்கதான். ரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் தகடு வளைஞ்சு நிமிருது. எஃகுன்னா ஒரு அளவுக்குக் கீழ எத்தனை தடவை வளைச்சாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த மாதிரி பத்திரமான அளவே கிடையாது. சின்னச் சின்ன வளைவும் கணக்குல ஏறிட்டே இருக்கும். ஏரி உடைச்ச படகு இல்ல மக்களே, ஹைவே உடைச்ச படகு. டிரெய்லரை அப்படியே விட்டிருந்தா எங்க தகட்டுக்குப் பக்கத்துலயே அடுத்த விரிசல் வந்திருக்கும். கட்டைகளை நீளமானதா மாத்தினோம். அந்த வேலைக்கு ஒரு மதியம்தான் ஆச்சு.

திரும்பத் தண்ணி ஊத்தினோம், ராத்திரி முழுக்க ஒரு சொட்டு இல்ல. தகட்டைச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டு தேதி எழுதியிருக்கு. ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாடியும் கோட்டைத் தாண்டி ஏதாவது தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கறார். பொண்ணு போன ஞாயிறு லைஃப் ஜாக்கெட் போட்டுட்டுப் போயிட்டு வந்தா. இங்க 10 வயசுக்குக் கீழன்னா அது சட்டமே. மீன் ஒண்ணும் மாட்டல.