வயலில் வந்து போனது யார்? தடம் பார்த்து அறிவது எப்படி?
(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு விடிந்ததும் காத்திருப்பது பெரும்பாலும் கெட்ட செய்திதான். மரவள்ளி சாய்ந்து கிடக்கும். கடலைப் பாத்தி கிளறிக் கிடக்கும். உடனே "பன்றி!" என்கிறோம். எல்லாப் பழியும் பன்றிக்கே போகிறது. ஆனால் வந்தது எது என்று தெரியாமல் போடும் வேலி வீண் செலவு.

தடம் பார்க்க ஏற்ற நேரம் காலை வெயில் சாய்வாக விழும் நேரமே. தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும்படி நின்று பாருங்கள். நிழல் விழுந்து குழி எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்கே படாது. வேலியோரம் இரண்டு முழ அகலத்திற்கு மண்ணைக் கொத்தி, மாலையில் சமன்படுத்தி வைத்தால், இரவு வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்!

பன்றிக்கும் மானுக்கும் இரட்டைக் குளம்புதான். மானின் தடம் ஒடுங்கி, நுனி கூர்மையாக இருக்கும். பன்றியின் தடம் அகலமானது, நுனி மழுங்கியது. ஈர மண்ணில் அதன் பின்புறம், இரு பக்கமும் சற்று விலகி, இரண்டு சிறு பள்ளங்கள் காணப்படும். அவை பின்னால் உள்ள சிறு குளம்புகள் பதிந்தவை. சேற்றிலும் ஓட்டத்திலும் மானுக்கும் இவை பதிவதுண்டு. ஆனால் அப்படி விலகி நிற்பதில்லை.

தடம் அழிந்திருந்தால் கடித்த இடத்தைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. ஆகவே தளிரைப் பிய்த்துத்தான் தின்னும், முனை நார் நாராக நிற்கும். முயல் கடித்த தண்டோ கத்தியால் சாய்வாக நறுக்கியது போலிருக்கும். மரவள்ளியைப் பன்றி மூக்கால் நெம்பி, மண்ணைச் சால் போல் புரட்டிவிடும். முள்ளம்பன்றி நகத்தால் தோண்டி, கிழங்கில் உளி வைத்தாற்போல் பல் தடங்களை விட்டுச் செல்லும். தென்னங்கன்றின் அடிக்குருத்தைக் குடைந்திருந்தால் அருகில் முள் உதிர்ந்து கிடக்கிறதா என்று தேடுங்கள்.

நான்கு விரலும் நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. நகம் பதியாமல் வட்டமாக இருந்தால் பூனை இனம். பெரிதாக இருந்தால் சிறுத்தையாக இருக்கலாம். ஆட்டுப்பட்டி வைத்திருப்போர் இதை அசட்டை செய்ய வேண்டாம். யானைத் தடத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் வட்டமான முன்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால், அதன் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும்.

தடத்தின் விளிம்பு கூராக இருந்தால் புதியது. பனித்துளி விழுந்த புள்ளிகளோ, எறும்பு ஊர்ந்த கோடுகளோ மேலே இருந்தால் பழையது.

இவ்வளவும் எதற்கு? பன்றி என்று நினைத்துக் கள்ளத்தனமாக மின்கம்பி இழுப்போர் இன்றும் உண்டு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. அந்தக் கம்பி இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் பிள்ளையையும் விடாது. அது சட்டப்படியும் குற்றம்.

சேதம் கண்டவுடன் வயலை உழுதுவிடாதீர்கள். தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு சர்வே எண்ணைக் குறித்து, இழப்பீட்டு மனுவுடன் வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள்.