சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன அதிகாரம்



1941ஆம் ஆண்டு சிலாங்கூர், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் தொழிலாளர்களுக்குத் துணை நின்றார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்று கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்!

சம்பளம் கேட்டது சரி. சைக்கிள் எதற்கு? முதலாளிக்குக் காசு செலவில்லாத கோரிக்கை அது. ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. வேலை வாங்கும் அதிகாரத்தை அந்த மக்கள் மறுக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு வரச் சொன்னால் வந்தார்கள். காட்டிய நிரையில் மரம் வெட்டினார்கள். வேலை முடிந்து, சொந்தச் சைக்கிளில் போகும்போதும் ஏன் இறங்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அதற்கு எவரிடமும் காரணம் இல்லை.

பதில் வேறு விதமாக வந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இன்று தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டோம். துரையும் இல்லை, கிராணியும் இல்லை. ஆனாலும் தொழிலாளியின் கண்ணுக்கு அதிகாரம் என்பது மேல்மாடியில் இருக்கும் நிர்வாகி அல்ல. லீவு பாரத்தில் கையெழுத்துப் போடுபவர், ஓவர்டைம் பட்டியலில் பெயர் எழுதுபவர், அவர்தான் அதிகாரம். "எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம்" என்று மேலாளர் கூட்டத்தில் சொல்வார். மனதாரவே சொல்லலாம். ஆனால் அவர் அறைக்குள் யார் போகிறார்கள் என்பதை சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருப்பாரே!

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தன. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டது கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் காரணம் சொல்லும் கடமை 1941இல் இல்லாத ஒன்று.

அந்த விண்ணப்பத்தை எழுதத்தான் பலருக்குக் கை வருவதில்லை. சூப்பர்வைசர் முகம் சுளிப்பாரோ, அடுத்த மாத ஓவர்டைமில் பெயர் இருக்குமோ என்ற கணக்குதான் மனதில் முதலில் ஓடுகிறது.