சிரட்டைக் கரியும் குடிநீரும்



கோவில் வீதித் தண்ணீர்ப் பந்தலுக்குக் கரி வடிகட்டி ஒன்று வாங்குவோம், அயல்வீட்டாரும் குடத்தில் எடுத்துச் செல்லட்டும் என்று சென்ற கூட்டத்திற் பேசினோம். வாங்குமுன் அக்கரியின் இயல்பை நாம் அறிதல் நன்று.

அடுப்புக் கரியும் இதுவும் ஒன்றல்ல. சிரட்டையைக் காற்றுப் புகாமற் சுட்டுக் கரியாக்கி, 800 முதல் 1000 பாகை வெப்பத்தில் நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியின் ஒரு பகுதியைத் தின்றுவிட, எண்ணிறந்த நுண்டுளைகள் தோன்றும். இவ்வாறு ஏவப்பட்ட காபன் ஒரு கிராமின் உட்சுவர்ப் பரப்பு சுமார் 1000 சதுர மீற்றர். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய நான்கு பரப்புக் காணி! நிறம், நாற்றம், குளோரீன், பூச்சிகொல்லி மருந்துகளிற் பல ஆகியன அச்சுவர்களில் அகப்பட்டு நீரைவிட்டு நீங்குகின்றன. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளில் இட்டதும் சிரட்டைக் கரியே. இலங்கைச் சிரட்டை இன்றும் இவ்வுருவிற் கப்பலேறுகின்றது. நாமோ அதனை அடுப்பில் எரிக்கிறோம்.

நம் முன்னோர் கலங்கல் நீருக்குத் தேற்றாங்கொட்டை உரைத்தனர். அது மண்ணைப் படியச் செய்யும். கரியின் வேலை வேறு. கரிக்கு இயலாத வேலையும் உண்டு.

யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். தோட்டத்து உரமும் மலகூடக் குழிகளின் கசிவும் அக்கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றை அடைகின்றன. அவற்றால் வரும் நைத்திரேற்றை இக்கரி பிடிப்பதில்லை. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என எல்லை வகுத்தது போத்தற்பால் குடிக்கும் சிசுக்களை முன்னிட்டே. அது மிகுந்தால் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலு குன்றி, உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். வடித்த நீர் வாய்க்கு இனிக்கிறதே என்று நம்பி, ஒரு தாய் அதிற் பால்மா கரைப்பதையே நாம் அஞ்சுகிறோம்.

கிருமியையும் கரி கொல்லாது. கிணற்றுக்கு இட்ட குளோரீனை அதுவே நீக்கிவிடுவதால், பழைய கரியிற் கிருமி பெருகவும் கூடும். ஆதலின் வடித்தபின் காய்ச்சவேண்டும்; குறித்த காலத்திற் கரியை மாற்றவும் வேண்டும். அந்தச் செலவு சென்ற கூட்டத்துக் கணக்கில் இல்லை.

முதலிற் கோவிற் கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். நைத்திரேற்று எல்லைக்குள் இருந்தால் வடிகட்டி வாங்கலாம். மீறியிருந்தால், அப்பணத்தில் நல்ல கிணறொன்றிலிருந்து பவுசரில் நீர் எடுப்பிக்கலாம். போத்தல் கழுவி ஆயத்தமாக இருக்கின்றது. கொண்டுபோக முன்வருபவர் யார்?