லயத்துப் பக்கத்தில் கோழி வேலி

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்குக் கோழியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டாம். 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காசு கடைக் கணக்குக்குப் போன பிறகு பிள்ளையின் தட்டில் முட்டை இருக்கிறதா? காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காரும் பிள்ளையிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தேத்தண்ணி என்கிறது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கிய நாடு இது.

கோழி நம் லயங்களில் இல்லாமல் இல்லை. வேலிதான் இல்லை. ஒரு லயத்தில் ஒருத்தர் கோழி அடுத்த வீட்டுப் போஞ்சிப் பாத்தியைக் கிளறியதில் தொடங்கிய சண்டை, இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்க மாட்டோம் என்கிற அளவுக்குப் போனது. நிர்வாகத்துக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? கோழிப் பிராதைத் தீர்த்துத் தீர்த்தே நம் தலைவருக்கு முடி நரைத்துவிட்டது.

6 கோழியும் 2 வாத்தும் என்று வைப்போம். 10 அடி நீளம், 8 அடி அகலம் போதும். சுற்றளவு 36 அடி. 4 அடிக்கு ஒன்றாக 9 கம்பு, கதவுக்கு இன்னொன்று. மலையில் நிற்கிற நிழல் மரத்தில் கை வைக்காதீர்கள், பிறகு சார்ஜ் ஷீட்டுக்குப் பதில் எழுத நான்தான் வரவேண்டும். வேலி 5 அடி உயரம் இருக்கட்டும். நாட்டுக்கோழி பறக்கும். ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் பறக்க முயன்றாலும் சாய்ந்துவிடும்.

கடையில் கோழி வலை என்று விற்கிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அடியில் அரை அங்குலக் கண் உள்ள கெட்டி வலை வேண்டும். 3 அடி அகலத்தில் வாங்குங்கள். 1 அடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் விரித்துக் கல்லும் மண்ணும் போட்டு அமுக்குங்கள். மீதி 2 அடி கம்போடு நிற்கட்டும். கீரியும் நாயும் வேலியின் காலடியில்தான் தோண்டும், தோண்டினால் வலை தட்டும். அதற்கு மேலே சாதாரண வலையே போதும். காற்றடிக்கிற பக்கம் கவ்வாத்து மிலாரை நெருக்கி அடுக்கிக் கட்டுங்கள். கெட்டி வலை விலை கூடத்தான். ஒரு சுருளை மூன்று வீடு பங்குபோடலாம். சீட்டுப் பிடிக்கிற நமக்கு இது புதிதல்ல.

இரவுக்கு வேலி போதாது. மரநாய் ஏறி இறங்கும். கூரை போட்ட, தாழ்ப்பாள் உள்ள கூண்டு வேண்டும். ஒரு கோழிக்கு 4 சதுர அடி கணக்கில் பாருங்கள். ராத்திரி சத்தம் கேட்டால் தனியாக ஓடாதீர்கள், நாயைத் தேடிச் சிறுத்தை லயத்துக்கு வருகிற ஊர் இது.

கோழி கம்பில் ஏறித் தூங்கும், வாத்து தரையில் படுக்கும். அதனால் வாத்தின் இடம் கோழிக் கம்புக்கு நேர் கீழே இருக்கக்கூடாது, எச்சம் முழுவதும் அதன் முதுகில் விழும். வாத்துக்குக் குளம் தேவையில்லை, தலையை முக்கி மூக்கைக் கழுவ ஆழமான சட்டி போதும். ஆனால் எல்லாவற்றையும் நனைத்துவிடும். தண்ணீர்ச் சட்டியைக் கூண்டுக்கு வெளியே முற்றத்தில், பணியப் பக்கம் வையுங்கள். அந்த அழுக்குத் தண்ணி கானில் இறங்கிப் பணிய லயத்துப் பீலிக்குப் போகாமல் பார்க்க வேண்டும். போனால் கோழிச் சண்டை முடிந்து வாத்துச் சண்டை தொடங்கும். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும், பிரட்டுக்குப் போகும்போது திறந்துவிட்டால் முட்டை கானில்தான் கிடக்கும். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் 9 மணிக்குத் திறந்துவிடட்டும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு லயமே காலியாகும், அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நான்கைந்து வீடாகச் சேர்ந்து கேளுங்கள். களைக்கு மருந்தடித்த மலையில் வெட்டிய புல்லைக் கூண்டுக்குள் போடாதீர்கள்.

கடைசியாக, துரை என்ன சொல்வார்? ஒரு தோட்டத்தில், அனுமதியில்லாத கட்டிடம் என்று சொல்லி ஒரு அக்காவின் கூண்டைப் பிரித்துப் போட்டார்கள். பேச்சில் சரி என்று சொன்னவரே பிறகு மறுத்தார். ஆகவே கம்பு நடுவதற்கு முன்னால் கடிதம். நீளம் அகலம் எழுதுங்கள், சிமெந்து போடாத, கழற்றக்கூடிய வேலி என்று எழுதுங்கள், லயத்தில் எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் ஒப்பீஸ் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டு வந்து தலைவரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நான் இருப்பேன்.